இளமையும் பேதைமையும்: குடும்ப வீடியோ விளையாட்டுக்கள் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு பொருளுக்கு உலகம் இட்டு வழங்கும் பெயரும் அப்பொருளின் இயல்பும் எக்காலத்தும் ஒத்து நிற்பதில்லை. பெயரானது சில வேளைகளிற் பொருளின் ஒரு கூற்றை மாத்திரம் சுட்டி நின்று, எஞ்சிய கூறுகளை மறைத்துவிடுவதும் உண்டு. வீடியோ விளையாட்டுக்களுள் 'குடும்பத்தார் அனைவரும் ஆடத்தக்கவை' எனப் பெயர் பெற்றவற்றுக்கு நேர்ந்தது இதுவே. குருதிக் காட்சியும் காமமும் இழிசொல்லும் இல்லாதவை என்பதே அப்பெயரின் நேர்ப்பொருள். ஆயின், வழக்கில் அது 'சிறுபிள்ளைத்தனமானவை' என்னும் மற்றொரு பொருளையும் உடன்கொண்டு வந்துவிடுகின்றது. வளர்ந்தோர் இவற்றை ஆடுதல் நாணத்தக்கது என்பார் ஒரு சாரார். பிள்ளைகள் ஆடினால் ஆடட்டும், அவற்றில் ஆராய்வதற்கு யாதுளது என்பார் மற்றொரு சாரார். முன்னவர் இகழ்கின்றனர், பின்னவர் பொருட்படுத்தாது விடுகின்றனர். இரு திறத்தாரும் பெரும்பாலும் பெயரைக் கேட்டே முடிவு கட்டியவராவர்.

இப்பழி எவ்வாறு பிறந்தது, எவ்வளவுக்குப் பொருந்தும் என்பனவற்றை யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோவின் ஆக்கங்கள் சிலவற்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். குடும்ப விளையாட்டு என்றவுடன் பலர் நினைவுக்கும் வருவன அந்நிறுவனத்தின் ஆக்கங்களே. பழியை மிகுதியாகச் சுமந்தனவும் அவையே.

முதற்கண் வரலாற்றை நோக்குவாம். வீடியோ விளையாட்டு தொடக்கத்திற் பிள்ளைகளின் உடைமையாய் இருந்ததில்லை. அற்றாரி நிறுவனத்தாரின் 'பொங்' என்னும் பந்தாட்டப் பொறி 1972 ஆம் ஆண்டிற் பொதுமக்கள் முன் முதன்முதலாக வைக்கப்பட்ட இடம், கலிபோர்னியாவின் சனிவேல் நகரத்து மதுச்சாலை ஒன்றாகும். அங்கு குடிக்க வந்த வளர்ந்தோரே நாணயமிட்டு அதனை ஆடினர். பின்னர் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்குங் கருவிகள் பெருகின. தரங்குன்றிய ஆக்கங்கள் சந்தையில் மலிந்தமையால், 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அவ்வணிகம் பெருவீழ்ச்சியுற்றது. வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்கவே கடைக்காரர் அஞ்சினர்.

கியோட்டோ நகரில் 1889 இல், மலர்ச்சித்திரம் பொறித்த ஆட்டச்சீட்டுக்கள் செய்வதற்கெனத் தோன்றிய நின்டெண்டோ நிறுவனம், அதே 1983 இல் யப்பானிலே 'குடும்பக் கணினி' எனப் பொருள்படும் பெயரோடு தன் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. 1985 இல் அதனை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றபோது, கடைக்காரரின் அச்சத்தைத் தணித்தல் வேண்டியிருந்தது. ஆதலின் 'ரொப்' என்னும் சிறிய இயந்திர மனிதன் ஒன்றையும் கருவியோடு சேர்த்து, விளையாட்டுப் பொம்மை வகையைச் சார்ந்த பொருளாகவே அதனைக் காட்டிற்று. உபாயம் பலித்தது, கருவி பொம்மைக் கடைகளின் தட்டுக்களில் இடம்பெற்றது. பிள்ளைகளுக்குரிய பொருள் என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இவ்வணிக உபாயம் ஒரு தலையாய காரணமாகும். ஆக்கங்களை ஆராய்ந்தார் எவரும் அம்முடிபை அளித்தாரல்லர். விற்பனைத் தட்டு அதனை அளித்தது.

அடுத்த பத்தாண்டில் இவ்வெண்ணம் மேலும் இறுகிற்று. போட்டி நிறுவனமாகிய சேகா, தன் கருவியே வளர்ந்த இளைஞர்க்கு உரியதென விளம்பரஞ் செய்தது. 1992 இல் தோன்றிய 'மோர்ட்டல் கொம்பட்' என்னும் மற்போர் விளையாட்டு 1993 இல் வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. சேகாவின் பதிப்பில், இரகசியக் குறியீடு ஒன்றை அழுத்தினாற் குருதி பாய்ந்தது. நின்டெண்டோவின் பதிப்பிலோ குருதிக்குப் பதிலாகச் சாம்பல் நிற வியர்வை தெறித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்க செனற் சபையில் உறுப்பினர் ஜோசப் லீபர்மன், ஹேர்ப் கோல் ஆகியோர் முன்னின்று விசாரணை நடாத்தினர். அதன் விளைவாக, ஆக்கங்களுக்கு வயதுத்தரம் வகுக்குஞ் சபையொன்றை 1994 இல் வணிகத்தாரே நிறுவினர். இன்று 'யாவர்க்கும்', 'பதின்மவயதினர்க்கு', 'முதிர்ந்தோர்க்கு' எனப் பெட்டிகளின் மேற் காணப்படும் குறிகள் அச்சபையின் வழிவந்தவை.

இக்குறிகள் பெற்றோர்க்குப் பயன்படுவன என்பதில் ஐயமில்லை. எனினும் அவை எதனைக் கூறுகின்றன, எதனைக் கூறவில்லை என்பதைத் தெளிதல் வேண்டும். 'யாவர்க்கும்' என்ற குறி, வாயிலில் எவரைத் தடுக்கவேண்டுவதில்லை என்பதை உணர்த்தும். உள்ளே இருப்பது உயர்ந்ததோ தாழ்ந்ததோ என்பதை உணர்த்தாது. அவ்வாறே, 'முதிர்ந்தோர்க்கு' என்ற குறி பதினேழு வயதைச் சுட்டுவதன்றிச் சிந்தனை முதிர்ச்சியைச் சுட்டுவதன்று. முதிர்ச்சி என்னும் சொல் இங்கே இருபொருள் பட நின்று பலரை மயக்கிற்று. குருதி மிகுதியே வளர்ச்சியின் அடையாளம் என்றும், அஃது இல்லாமை வளர்ச்சியின்மை என்றும் கொள்ளும் நிலை அம்மயக்கத்தால் உண்டாயிற்று.

இம்மயக்கத்தைத் தீர்ப்பதற்குத் தமிழிலக்கண மரபு நமக்கு ஒரு கருவியைத் தருகின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்குங் களன்களை நான்காக வகுத்தபோது, எள்ளலோடு இளமை, பேதைமை, மடன் என்பனவற்றையும் தனித்தனி வைத்து எண்ணினார். மூன்றும் நகைக்குக் காரணமாதல் பற்றி ஓரினமாயினும் ஒன்றல்ல என்பது அப்பாகுபாட்டாற் போதரும். இளமை பருவம் பற்றியது. பேதைமை அறிவின்மை. பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாது நிற்றல் மடன் என்பது உரைமரபு. இம்மூன்றையும் வேறுபடுத்தாது ஒன்றாய்க் குழைத்ததே 'சிறுபிள்ளைத்தனம்' என்னும் பழிச்சொல். ஓர் ஆக்கம் இளமைக் கோலம் பூண்டிருக்கலாம். அதனால் அது பேதைமையுடையது ஆகாது. பேதைமையுடையதோ என்பதை அறிய நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. ஆடுவோரை அறிவுடையாராக மதித்து அஃது அமைந்துள்ளதா? வாழ்வின் மெய்ம்மையை, துன்பம் உட்பட, அது நேர்நின்று நோக்குகின்றதா? தன் கோலத்தைப் பொருளின் பொருட்டுக் கொண்டதா, அன்றிப் பொருளின்மையை மறைப்பதற்குக் கொண்டதா?

முதல் வினாவுக்கு 1985 இல் வெளிவந்த 'சுப்பர் மாரியோ பிரதர்ஸ்' சிறந்த சான்றாகும். சிகெரு மியமோட்டோ, டகாஷி டெசுகா ஆகியோர் வடிவமைத்த இவ்விளையாட்டின் முதற் காட்சியை நோக்குக. மாரியோ திரையின் இடப்புறத்தே நிற்கின்றான். வலப்புறம் வெறுமையாய்க் கிடக்கின்றது. செல்லவேண்டிய திசை அதனாலேயே விளங்கும். சிறிது சென்றதும், காளான் வடிவினதாகிய பகையொன்று மெல்ல எதிர்வரும். தாண்டத் தெரியாதவன் அதன்மேல் மோதி மடிவான். ஆயின், மீண்டுந் தொடங்குவதற்குச் சில நொடிகளே செல்லும். தாண்ட முயல்பவன் அதன்மேல் விழுந்து அதனை நசுக்கியும் விடுவான். மிதித்தல் வெல்லும் வழி என்பதைக் கற்றான். வினாக்குறி பொறித்த பெட்டியை முட்டினால் நாணயம் வரும். மற்றொன்றை முட்டினால் நற்காளான் ஒன்று தோன்றி வலப்புறம் ஓடி, அங்குள்ள குழாயில் மோதித் திரும்பி அவனை நோக்கியே வரும். பகையென அஞ்சித் தாண்ட நினைப்பினும், மேலே தாழ இருக்குங் கட்டிகள் அவனைத் தடுக்கும். காளான் அவனைத் தீண்டும், அவன் பெரியவனாவான். பகையும் துணையும் வடிவால் ஒத்திருந்தும் பயனால் வேறென்பதை அவன் உணர்கின்றான்.

இவ்வளவும் ஒரு சொல்லும் எழுதப்படாது கற்பிக்கப்படுகின்றது. ஆடுவோன் நோக்குகின்றான், கருதுகின்றான், சோதிக்கின்றான், திருத்துகின்றான். இதனைக் கற்பித்தவர், கற்போனைப் பேதையென எண்ணியிருப்பின் பலகை பலகையாக அறிவுரை எழுதி நாட்டியிருப்பர். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஐம்பது வயதினர்க்கும் ஒருங்கே விளங்குமாறு ஒன்றைச் சொல்லுதல் எளிய செயலன்று. எளிமை இங்கே உழைப்பின் விளைவு. கதை மெலிந்தது என்பதை மறுப்பார் இலர். சிறையெடுக்கப்பட்ட இளவரசியை மீட்டல் என்பதற்கு மேல் அங்கு கதையில்லை. ஆயின் சதுரங்கத்தைக் கதைக்காக ஆடுவாரும் இலரன்றோ?

இரண்டாம் மூன்றாம் வினாக்களுக்கு விடை காண்பதற்கு, 'செல்டா' வரிசையிலே 2002 டிசெம்பரில் யப்பானிலும் 2003 இல் அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளிலும் வெளிவந்த 'விண்ட் வேக்கர்' என்னும் ஆக்கமே மிகவும் உகந்தது. சிறுபிள்ளைத்தனம் என்ற பழி இதன்மீது விழுந்ததுபோல வேறெதன்மீதும் விழுந்ததில்லை எனலாம். அதற்கு முன்வந்த 1998 ஆம் ஆண்டு ஆக்கம் அக்காலத்து இயன்றவரை மெய்யுருவை ஒட்டியது. 2000 ஆம் ஆண்டிற் புதிய கருவியின் ஆற்றலைக் காட்டுதற்கு நின்டெண்டோ வெளியிட்ட சிறு காட்சியில், வீரனாகிய லிங்கும் பகைவனாகிய கனண்டோர்ஃபும் வளர்ந்தோர் உருவில் வாட்போர் புரிந்தனர். அதனைக் கண்டோர் அடுத்த ஆக்கமும் அத்தகையதே என எதிர்பார்த்தனர். மறு ஆண்டு காட்டப்பட்டதோ, பெரிய தலையும் அகன்ற கண்களும் உடைய சிறுவன் ஒருவன் கார்ட்டூன் படத்தில் ஓடுவதுபோல ஓடுங் காட்சி. ஏமாற்றமடைந்த இரசிகர் விளையாட்டின் பெயரைத் திரித்து நகையாடினர். கைப்பிடியுடன் கூடிய ஊதாநிறப் பெட்டியாக அமைந்த அக்கருவியையே பொம்மையென எள்ளிய காலம் அது. சோனி நிறுவனத்தின் போட்டிக் கருவி 15 கோடிக்கு மேல் விற்க, இது 2 கோடியே 17 இலட்சம் அளவிலே நின்றது. அமெரிக்காவில் விற்பனை தளர்ந்தமைக்கு, இளஞ்சிறார்க்கு உரியதென்ற எண்ணத்தை அக்கோலம் விளைத்தமையும் ஒரு காரணமென இயக்குநர் எய்ஜி அவோனுமா பின்னாளிற் குறிப்பிட்டார்.

இனி, நகையாடப்பட்ட அவ்வாக்கத்தின் பொருள் யாது? முன்னொரு காலத்தில் ஹைரூல் என்றொரு நாடு இருந்தது. தீயவன் ஒருவன் எழுந்தான். பசிய உடையணிந்த வீரச்சிறுவன் ஒருவன் தோன்றி அவனை அடக்கினான். தீயவன் மீண்டும் எழுந்தபோது வீரன் வரவில்லை. மக்கள் தெய்வங்களை வேண்டினர். தெய்வங்கள் நாட்டையே பெருங்கடலால் மூடின. எஞ்சிய மலையுச்சிகளே இன்றைய தீவுகள். அத்தீவு ஒன்றில், பையன்கள் குறித்த வயதை எய்துங்கால் பழைய வீரனின் நினைவாகப் பசிய உடை உடுத்தும் வழக்கம் உண்டு. அதன் காரணத்தை மக்கள் ஏறக்குறைய மறந்துவிட்டனர். கதைத்தலைவனாகிய சிறுவன் அவ்வுடையைப் பாட்டியாரிடமிருந்து பிறந்தநாட் பரிசாகப் பெறுகின்றான். அன்றே அவன் தங்கையைப் பெரும்பறவையொன்று தூக்கிச் செல்கின்றது. நாட்டைக் காப்பதற்கு அவன் புறப்படவில்லை. தங்கையைத் தேடியே புறப்படுகின்றான்.

கடலின் கீழே ஹைரூல் அழியாது, காலம் உறைந்த நிலையில், நிறமிழந்து நிற்கின்றது. அதனை மீட்டு ஆளவேண்டும் என்பதே கனண்டோர்ஃபின் வேட்கை. இங்கே அவன் வெறுங் கொடியவன் அல்லன். பாலைநிலத்திற் பிறந்தவன், தன் நாட்டுக் காற்று பகலில் வெம்மையையும் இரவிற் குளிரையும் சாவையும் கொணர்ந்தது என்றும், ஹைரூலின் காற்றோ வேறொன்றைக் கொணர்ந்தது என்றும், அக்காற்றைத் தான் விழைந்திருக்கக் கூடும் என்றும் இறுதியில் முதியோன் ஒருவனின் சோர்வோடு கூறுகின்றான். சிறுவனுக்கு வழிகாட்டும் பேசும் படகும் உண்மையில் ஹைரூலின் பழைய அரசனே. முடிவில் அவ்வரசன் நாட்டை மீட்கும் வரத்தைப் பெறும் நிலையில் நின்றும், நாடு முற்றாக நீரில் மூழ்கட்டும், இப்பிள்ளைகளுக்கு வருங்காலம் உண்டாகட்டும் என வேண்டுகின்றான். தானும் கழிந்ததோடு கட்டுண்டு வாழ்ந்தவன், அவ்வகையிற் பகைவனும் தானும் ஒருவரே என்று ஒப்புக்கொள்கின்றான். கடல் இடிந்து விழ, சிறுவன் கைநீட்டுகின்றான். அரசன் அதனைப் பற்றாது தன் நாட்டோடு ஆழத்தில் நின்றுவிடுகின்றான்.

முதியோர் தம் இழப்பை இளையோர் தலையிற் சுமத்தலாமா என்பதே இக்கதையின் வினா. இதனிலும் முதிர்ந்த வினாவை 'முதிர்ந்தோர்க்கு' எனக் குறியிட்ட ஆக்கங்கள் பலவற்றிற் காண்டல் அரிது. இளமைக் கோலம் இப்பொருளுக்கு இன்றியமையாதது என்பதும் இப்போது புலனாகும். தாம் காணாத நாட்டின் சுமை பிள்ளைகள்மேல் விழுகின்றது என்பதை உணர்த்தவேண்டுமாயின், அவர்கள் பிள்ளைகளாகவே தோன்றல் வேண்டும். வளர்ந்த வீரனின் உருவத்தை இட்டிருப்பின் அரசனின் துறவு பொருளற்றதாய் முடிந்திருக்கும். அகன்ற கண்களுக்கும் தொழில் உண்டு. பேசாத தலைவனின் அச்சமும் வியப்பும் அவற்றால் வெளிப்படுகின்றன. அருகே பயனுள்ள பொருளிருப்பின் அவன் கண்கள் அதனை நாடித் திரும்பி, ஆடுவோர்க்குக் குறிப்பும் உணர்த்துகின்றன. கோலம் பொருளையும் ஆட்டத்தையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது.

மற்றுமொரு பகுதி குறிப்பிடத்தக்கது. சிறுவன் கடலிற் பல காலம் அலைந்தபின் தன் தீவுக்குத் திரும்பினால், பாட்டியார் நாற்காலியில் நோயுற்றுச் சாய்ந்து, இருவர் பெயரையும் முனகியபடி இருக்கக் காண்பான். குப்பியில் அடைத்த தேவதையைக் கொணர்ந்து விடுவித்தால் அவர் தேறி எழுந்து சூப்புக் காய்ச்சிக் கொடுப்பார். இதனைச் செய்யுமாறு கதை அவனை வற்புறுத்துவதில்லை. திரும்பாமலே ஒருவன் ஆட்டத்தை முடித்துவிடலாம். பாட்டியார் அந்நாற்காலியிலேயே இருப்பார். திரும்பிச் சென்று பார்க்கும் பொறுப்பு ஆடுவோன் கையிலே விடப்படுகின்றது. நூல் காட்டுவதைக் காட்டித்தான் ஆகும்; ஆட்டமோ நம் அசட்டையையும் நம்மிடமே ஒப்படைக்க வல்லது. இக்கலைக்குரிய சிறப்பாற்றல் இது.

'யாவர்க்கும்' என்னும் குறி துன்பத்தைத் தடுப்பதில்லை என்பதற்கு, அதே வரிசையில் 2000 ஆம் ஆண்டில் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' என்னும் ஆக்கமும் சான்றாம். மூன்று நாளில் நிலா வீழ்ந்து ஊர் அழியும். தலைவன் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி அம்மூன்று நாளையே மீண்டும் மீண்டும் வாழ்வான். திருப்புந்தோறும், அவன் உதவிய மக்கள் உதவியை மறந்து பழைய துயருக்கே மீள்வர். இறந்தோர் இருவரின் ஆவியை அமைதிப்படுத்தி, அவர்தம் முகமூடியை அணிந்து, அவர் முடிக்காது விட்ட கடமையை அவன் முடிப்பான். இறப்பும் கையறவும் இதன் உட்பொருள், குருதியோ இல்லை.

இவை வீரக்கதைகள். வீரமே இல்லாத ஆக்கத்துக்கு 'அனிமல் குரோசிங்' எடுத்துக்காட்டாகும். 2001 இல் 'விலங்குகளின் காடு' என்னும் பொருள்தரும் பெயரோடு யப்பானில் இது தோன்றியது. இதனை ஆக்கிய கட்சுயா எகுச்சி, சிபாவிலிருந்து வேலையின் பொருட்டுக் கியோட்டோவுக்கு வந்து, உற்றாரையும் நண்பரையும் பிரிந்திருந்த தனிமையே இதற்கு வித்தென்று கூறியுள்ளார். வீட்டுக்கு நேரங்கழித்து வரும் தந்தையும் பகலில் ஆடும் பிள்ளைகளும் ஒரே ஊரிற் பங்குகொள்ள வேண்டும் என்பதும் அவர் கருத்து. ஆதலின் நால்வர் ஓரூரில் வீடு பெற்று, வெவ்வேறு நேரத்தில் வந்து, ஒருவர்க்கொருவர் மடல் எழுதி வைக்கலாம். உள்ளிருக்குங் கடிகாரம் வெளியுலகக் கடிகாரத்தோடு ஒத்து ஓடும். பலநாள் வாராதிருப்பின் களை முளைக்கும். பழகிய அயலார் ஊரைவிட்டே சென்றுவிடவும் கூடும். 2020 மார்ச்சில் இதன் புதிய பதிப்பு வெளிவந்தபோது கொவிட் நோயால் உலகம் வீட்டினுள் அடைபட்டிருந்தது. 4 கோடிக்கு மேற் படிகள் விற்ற அப்பதிப்பிலே, நேரிற் சந்திக்க இயலாதோர் பலர் ஒருவர் தீவுக்கு ஒருவர் சென்று அளவளாவினர். கரடியும் அணிலும் பேசும் ஊரென்று நகைப்போர், அவ்வூரின் உட்பொருள் பிரிவு என்பதை நோக்கிலர்.

இவ்வளவு கூறியதனாற் குடும்ப விளையாட்டுக்கள் யாவும் குற்றமற்றன என்பது கருத்தன்று. 'விண்ட் வேக்கர்' ஆக்கத்திலேயே குறைகள் உள. இறுதிப் பகுதியிற் கடலடியிற் சிதறிய எட்டுத் துண்டுகளைத் தேடித்திரியும் வேலை, நீளத்தை மிகுப்பதற்கன்றிப் பிறிதொன்றற்கும் பயன்படாதது. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில் அஃது சுருக்கப்பட்டமை அக்குறையை உறுதிசெய்கின்றது. அதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. டெட்ரா என்னும் பெண் கடற்கொள்ளைத் தலைவி. அஞ்சாதவள், பிறரை ஏவுபவள். அவளே இளவரசி செல்டா என்பது வெளிப்பட்டவுடன், இடர் வருமென ஒளித்துவைக்கப்பட்டு, இறுதிப்போர் வரையில் வாளாவிருக்கின்றாள். மாரியோ வரிசையின் சிறைப்பட்ட இளவரசியும் இத்தகையளே. பழைய கதைவழக்கை ஆராயாது பின்பற்றிய மடன் இது. இளமை என்று இதற்கு அமைதி கூறலாகாது.

மேலும், குடும்ப விளையாட்டு கூறவியலாதன பல உண்டு. போரின் கொடுமையையும் உடல்சார்ந்த வேட்கையையும் அரசியல் வன்முறையையும் முழுமையாகக் காட்டவேண்டின் வளர்ந்தோர்க்கெனவே ஆக்கல் வேண்டும். அத்தகைய நல்லாக்கங்களுக்கும் இடமுண்டு. அன்றியும், குருதியை நீக்கிய மாத்திரத்தில் ஓர் ஆக்கம் தூய்மை பெற்றுவிடாது. முன்னர்க் கூறிய மற்போர் விளையாட்டிற் குருதியை வியர்வையாக்கியபோது அடித்தல் குறையவில்லை; அடியின் விளைவே மறைக்கப்பட்டது. வன்செயலை வைத்துக்கொண்டு அதன் துன்பத்தை மாத்திரம் துடைத்துவிடுதலே மெய்யான பேதைமை. கனண்டோர்ஃபின் நெற்றியிற் சிறுவன் வாளைப் பாய்ச்சும் காட்சியிலும் குருதி இல்லை. ஆயின், அங்கு ஒரு வாழ்வு முடிந்தது என்பதை எந்தப் பிள்ளையும் உணரும். இரண்டிலும் குருதியின்மை பொது; நேர்மை பொதுவன்று.

இவ்வேறுபாட்டைக் காணாது பெயரை மாத்திரம் நம்புவதால் விளையும் தீங்கு ஏட்டளவில் நிற்பதன்று. அமெரிக்காவில் 'யாவர்க்கும்' எனக் குறியிடப்பட்ட 'பீபா 18' என்னும் உதைபந்தாட்ட விளையாட்டை எண்ணுக. பணங்கொடுத்து, உள்ளிருப்பது யாதென்று அறியாமலே பொதிகளை வாங்கித் திறந்து, சிறந்த வீரன் கிடைப்பானோ எனப் பார்க்கும் முறை அதிலுண்டு. 2018 இற் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், அந்நாட்டுச் சட்டப்படி இது சூதாட்டமே என முடிவு செய்தது. அடுத்த ஆண்டில் அந்நாட்டிற் பொதிகளைப் பணத்துக்கு விற்பது நிறுத்தப்பட்டது. குருதி இல்லை, இழிசொல் இல்லை. ஆகவே வாயிற்காவலன் தடுக்கவில்லை. பிள்ளையின் கையிலோ சூதுப்பொதி இருந்தது. 'அது சிறுபிள்ளை விளையாட்டு' என்று கூறி அப்பாற் செல்லும் பெற்றோர் இதனைக் காணப் போவதில்லை. 'விண்ட் வேக்கர்' போன்ற நல்லதையும் அவர் காணப் போவதில்லை. இகழ்ச்சி, நல்லதன் சிறப்பையும் தீயதன் தீமையையும் ஒருங்கே மறைக்கின்றது. பிள்ளைகளுக்கென ஆக்கப்படுவன ஆராயத்தகாதன எனக் கொள்ளும் சமுதாயம், பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் போதும் என்ற நிலைக்கு விரைவில் வந்துவிடும்.

செல்டா வரிசையின் பின்வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. இகழ்ச்சிக்கு விடையாக, மெய்யுருவை ஒட்டிய கருநிற உலகோடு 'ட்வைலைற் பிரின்செஸ்' 2006 இல் வெளிவந்தது. 2004 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அதன் காட்சி முதன்முறை காட்டப்பட்டபோது கூடியிருந்தோர் எழுந்துநின்று ஆரவாரித்தனர். அது 'பதின்மவயதினர்க்கு' என்ற குறியும் பெற்றது. நல்ல ஆக்கமே. ஆயினும், வரிசையின் பழைய கோலத்தை மீட்டுத் தருமாறு கேட்ட அவ்வாரவாரத்தில், மூழ்கிய நாட்டை மீட்கத் துடித்த கனண்டோர்ஃபின் குரலும் சிறிது கேட்கவில்லையா? நகையாடப்பட்ட சிறுவனின் கதை அவ்வேட்கையைத் துறக்கவே கற்பித்தது. காலஞ் செல்லச் செல்ல அவ்வாக்கத்தின் மதிப்பு உயர்ந்தது. அக்காலத்து மெய்யுரு ஆக்கங்கள் பல இன்று மங்கித் தோன்ற, பழிக்கப்பட்ட அக்கார்ட்டூன் கோலம் பொலிவு குன்றாது நிற்கின்றது.

ஆகவே நாம் பெறும் முடிபு இது. குடும்ப விளையாட்டுக்கள் சிறுபிள்ளைத்தனமானவை என்னும் பொதுப்பழி பொருந்தாது. அவற்றுட் பேதைமையுடையன உள. அவற்றைப் பெயர் சுட்டிக் கடிதலே தகும். இளமைக் கோலத்துள்ளே முதிர்ந்த பொருளை வைத்தனவும் உள. அவற்றைப் பிள்ளைகளோடு ஒருங்கிருந்து ஆடி, அவை எழுப்பும் வினாக்களை அவர்களோடு பேசுதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடன். எஞ்சிய மடனோ விளையாட்டுக்களுடையதன்று. 1985 இற் கடைத்தட்டொன்று கொளுத்தியதை ஆராயாது கொண்டு இன்றளவும் விடாது நிற்பவர் எவரோ, அவருடையது.